அண்ணாச்சிக்குத் தைத்த புத்தகம்

என் வேலையை இப்போது நடத்துகிறவர்கள் நிஷா, ஃபர்ஸானா என்று இரண்டு பெண்கள். மட்டாஞ்சேரியில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டே, கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களையும் அச்சடித்த அட்டைகளையும் எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கு அனுப்புகிறார்கள். என் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து ஊசி பிடிக்க முடியாமல் போனபோது தொழிலை அவர்களிடம் கொடுத்துவிட்டு உள்ளறைக்கு நகர்ந்துகொண்டேன். நகர்ந்தேனே தவிர வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. பசை அடிப்பிடித்தால் உள்ளே இருந்தே எனக்கு வாசனை தெரியும். கத்துவேன்.

போன வாரம் இரண்டு பேரும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

“இத்தா, நம்ம பேஜில போட ஒரு பத்து வரி வேணும். நீங்க செஞ்சதிலயே உங்களுக்கு ரொம்ப இஷ்டப்பட்ட புக் எது?” என்றாள் நிஷா. இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள்.

ஒரு ஹோட்டலுக்குத் தோல் அட்டை போட்டுச் செய்த பெரிய விருந்தினர் புத்தகத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதன் படம் அவர்களிடம் இருக்கிறது. நான் “அண்ணாச்சி புஸ்தகம்” என்றேன்.

“அது எது? போட்டோ உண்டா?”

“போட்டோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதப் பாத்தா நீங்க ஸ்கூல் பிள்ளைக செஞ்சதுன்னு நினைப்பீங்க.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வரியில் அடங்காது, நானே எழுதித் தருகிறேன், போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் பசைப் பாத்திரத்துக்கு அடியில் விரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழில் கற்றது பஜார் பக்கத்தில் இருந்த ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில். மடிப்பது, அடுக்குவது, தைப்பது, பசை காய்ச்சுவது. அந்த வருஷங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாத் தொழிலிலும் ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்களுக்கு மேலே இருந்த செலின் சேச்சியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

செலின் சேச்சி திட்டமாட்டார். அதுதான் பெரிய கஷ்டம். நாம் தைத்து முடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைப்பார். நடுப் பக்கத்தைத் திறப்பார். கையை எடுத்துவிடுவார். புத்தகம் அப்படியே விரிந்து கிடந்தால் அடுத்ததை எடுக்கப் போய்விடுவார். பக்கங்கள் லேசாக எழும்பினால்கூடப் போச்சு. சின்னக் கத்தரியால் முடிச்சை மட்டும் வெட்டி, நூலை அறுபடாமல் மெல்ல உருவி எடுத்து, தன் விரலில் சுற்றி, அந்தச் சுருளை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்துவிடுவார். நாம் மறுபடியும் முதலிலிருந்து தைக்க வேண்டும். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“சேச்சி, என்ன தப்புன்னு வாயால சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?”

“நீங்க இத்தனை பேரு உண்டு மோளே. எனக்குத் தொண்டை ஒண்ணுதானே” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

அவர் வாயால் சொன்ன ஒரே சட்டம், எழுத்து எந்தப் பக்கத்தில் தொடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் தையல் என்பது. தமிழ், மலையாளம் என்றால் இடது பக்கம். மதரஸாக்களுக்குப் போகிற அரபிப் புத்தகங்கள் என்றால் வலது பக்கம். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே மேசைக்கு வரும். மாற்றித் தைத்தால் கட்டு முழுவதும் பாழ். அந்தச் சட்டம் என் கையிலேயே ஊறிப்போய்விட்டது.

முதல் பிள்ளை பிறந்த பிறகு அச்சகத்துக்குப் போக முடியவில்லை. ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மை இழுக்க ரப்பர் வைத்த கட்டை, ஊசி நூல் இவ்வளவோடு வீட்டிலேயே ஆரம்பித்தேன். கல்யாண அட்டை, பெயர் சூட்டு அட்டை, வீடு குடிபோகும் அட்டை, பெருநாள் வாழ்த்து, கணக்கு எழுத நோட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்குப் பூத்துணி அட்டை போட்ட நோட்டு என்று எல்லாம் செய்தேன். மழைக்காலத்தில் மை காயாது. வீடு முழுக்கக் கொடி கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் அடுக்களைக்குப் போவதென்றால் குனிந்துதான் போக வேண்டும். பாவம், மழை நின்ற பிறகும் சில நாள் பழக்கத்தில் குனிந்தே நடப்பார்.

இனி அண்ணாச்சி. முருகேசன் அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். வாலிப வயதில் வந்து பஜாரில் வெங்காயமும் பூண்டும் விற்றவர். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கடையில் அவர் குரல் கேட்காத நேரம் கிடையாது. கூவுவார், வம்புக்கு இழுப்பார், மலையாளத்தில் பாதி தமிழில் பாதி சண்டை போடுவார், சண்டை போட்டவருக்கே கடைசியில் ஒரு பிடி வெங்காயம் கூடுதலாகப் போடுவார். நான் விலையைக் குறைத்துக் கேட்டால், “புஸ்தகத்துக்கார அக்கா, நீங்க சொல்லுத வெலைக்குப் பூண்ட மோந்து பாத்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்பார். பெரிய மீசை. பேசும்போது பாதி நேரம் அதைத்தான் நீவிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் மூட்டையைப் புரட்டும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்து வந்தார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

“சரி.”

எதைக் கேட்டாலும் “சரி, சரி.” தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. எதையோ சொல்ல நினைத்து, முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வெளியே வருவது மட்டும் “சரி, சரி.” நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது, வார்த்தைதான் மாறி வருகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஒரு மனிதர் வாயைத் திறந்து சரி என்று சொன்னால், கேட்கிற காதுக்கு அது சரி என்றுதானே விழுகிறது?

அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரேஷ்மா என்ற பெண் கொடுத்த தாள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். சாயா, சோறு, தண்ணீர், கட்டில், கக்கூஸ், மருந்து, வலி. இதை அட்டையில் ஒட்டிப் புத்தகமாகச் செய்துகொடுங்கள், அவர் தொட்டுக் காட்டட்டும் என்று ரேஷ்மா சொல்லியிருந்தாள்.

“அக்கா, அவுக கண்ணு முன்னாடியே தவிக்காக. என்ன கேக்காகன்னு எனக்கு ஒண்ணும் மனசிலாகல. கடையில ஊரையே கூட்டுத வாயிக்கா அது” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாங்கள் தரையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தோம். ஒன்றில் ஒரு கை, உள்ளங்கையைக் காட்டித் தடுக்கிற மாதிரி இருந்தது.

“இது என்னதுக்கா?”

“‘வேண்டாம்’னு போட்டிருக்கு.”

பேச்சி விசுக்கென்று நிமிர்ந்தாள். “ஐயையோ! அது ஆகாது. சீக்காளி இருக்குத வீட்ல அவுக கையிலயே அந்த வார்த்தையக் குடுக்கவா? வேற எது வேணும்னாலும் போடுங்க.”

அந்தத் துண்டை மடித்துக் கிழித்துத் தனியே வைத்துவிட்டாள். நானும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எங்கள் வீடுகளில் எல்லாம் இப்படித்தான். அரிசி தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம். போதாததற்கு நான் அட்டை அடிக்கிறவள். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, யார் வீட்டு அட்டையிலும் இல்லை, வேண்டாம், கூடாது என்று ஒரு சொல் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலையில் பாதி. பரிசு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று அச்சடிக்கச் சொன்னவரிடம்கூட, ‘தங்கள் ஆசியே எங்களுக்குப் பரிசு’ என்று மாற்றிக் கொடுத்தவள் நான். பேச்சி செய்தது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

புத்தகம் செய்ய ஆரம்பித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் படங்களைப் பெரிதாக்கி வரைந்து, வலைத்துணியில் ஏற்றி, கெட்டி அட்டையில் அச்சடித்தேன். கீழே தமிழில் ஒரு சொல், அண்ணாச்சிக்கு. அதற்குக் கீழே மலையாளத்தில், அக்கம்பக்கத்து ஆட்களுக்கு. படம் பேச்சிக்கு, அவளுக்கு எழுத்துத் தெரியாது. கெட்டி அட்டையை நேரடியாகத் தைத்தால் விரியாது. அதனால் ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் காலிகோ என்கிற பைண்டிங் துணியைக் கீல் மாதிரி ஒட்டி, அந்தத் துணியில் தையல் போட்டேன்.

பசையில்தான் கொஞ்சம் யோசனை. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது எங்கள் வழக்கம். இங்கே துரிசு என்பார்கள். விஷம். அண்ணாச்சியோ பஜார் ஆள். எந்தத் தாளைப் புரட்டினாலும் விரலை நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவார். அதனால் அன்றன்றைக்குத் துத்தம் போடாமல் தனியாகக் கொஞ்சம் பசை காய்ச்சினேன். பூச்சி தின்றால் தின்னட்டும், வேறொன்று செய்துகொள்ளலாம்.

செலின் சேச்சியின் மேசையில் வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும் புத்தகம். மேசையில் திறந்து கையை எடுத்தேன், அசையாமல் கிடந்தது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே பேச்சி வந்து நின்றாள்.

“விட்டெறிஞ்சிட்டாகக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. என்ன குறை என்று பார்க்க நானே போனேன். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, பலகையில் புத்தகம். விழுந்துபோன வலது கை பலகை ஓரத்தில் கிடந்தது. இடது கையை அந்தக் கைக்கு மேலே குறுக்கே நீட்டி, வலது ஓரத்தில் இருக்கிற அட்டையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். தூக்கும்போது முழங்கை தட்டிப் புத்தகம் வழுக்கியது. மறுபடி முயன்றார், மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை அதை எடுத்து என் காலடியில் எறிந்தார். “சரி! சரி!” என்று கத்தினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ் எழுத்து, அதனால் இடது பக்கம் தையல் என்று கை தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. இந்தப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு சொல்தான். எழுத்து எந்தப் பக்கம் ஓடினால் என்ன? பார்க்க வேண்டியது அவருக்கு எந்தக் கை இருக்கிறது என்பதை அல்லவா? அரபிப் புத்தகம் மாதிரி வலது பக்கம் தைத்தால், புரட்ட வேண்டிய ஓரம் அவருடைய இடது கைக்கு நேராக வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நூலை உருவினேன். அறுபடாமல்தான் உருவினேன். துணிக் கீலை எல்லாம் வலது ஓரத்துக்கு மாற்றி ஒட்டி, ஒவ்வோர் அட்டையின் இடது ஓரத்திலும் விரலுக்குப் பிடி கிடைக்க ஒரு துண்டுத் துணியை நாக்கு மாதிரி வைத்துத் தைத்தேன். கொண்டுபோய் வைத்ததும் அண்ணாச்சி விரலை நாக்கில் தொட்டு, புரட்டினார். இன்னொன்று புரட்டினார். சாயாப் படத்தில் நிறுத்தித் தட்டினார். பேச்சி அழுதுகொண்டே ஓடிப்போய்ச் சாயா போட்டாள். எனக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தது. அவ்வளவு ருசியான சாயா அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதவே வேண்டியிருக்காது. ஒரு வாரம் கழித்துப் பேச்சி மறுபடி வந்தாள். சாயா, சோறு எல்லாம் காட்டுகிறாராம். ஆனால் சில நேரம் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டுகிறார், திரும்பப் புரட்டுகிறார், கடைசி அட்டையைத் தாண்டிப் பின்னட்டையைத் தடவிப் பார்க்கிறார், பிறகு பலகையை ஓங்கி அடிக்கிறார். என்ன தேடுகிறார் என்று தெரியவில்லை. நான் விதவிதமாக அட்டை அடித்துச் சேர்த்தேன். விசிறி, ரேடியோ, வெற்றிலை, பீடி, கடை, சாமி படம். எதிலும் அவர் கை நிற்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பேச்சியோடு நானும் போனேன். ரேஷ்மா சின்னப் பெண், நிதானமானவள். புத்தகத்தைக் கையில் வாங்கி, வலது பக்கம் தைத்திருப்பதைப் பார்த்து, “இது கொள்ளாமல்லோ சேச்சி, ரொம்ப நல்லாருக்கு” என்று சந்தோஷப்பட்டாள். ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினாள். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை புரட்டினாள்.

“எல்லாம் உண்டு. ‘வேண்டாம்’ எங்கே?”

நான் பேச்சியைப் பார்த்தேன். பேச்சி சுவரைப் பார்த்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

ரேஷ்மா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “முதல்லயே நான் சொல்லியிருக்கணும். அவர் வாயில ‘சரி’ மட்டும்தான் வருது. கையிலயும் ‘வேண்டாம்’ இல்லன்னா, பிடிக்காத ஒரு காரியத்துக்கு அந்த மனுஷன் என்ன செய்யும் அம்மே?” என்று பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

திரும்பி வரும்போது படகில் பேச்சி மெதுவாகச் சொன்னாள். “ஞாயித்துக்கெழம அவுக தம்பி வாராரு. ஊருக்குக் கூட்டிட்டுப் போகப் போறோம். இங்கன உள்ள வீட்டக் காலி பண்ணுதோம். இனிமே எதுக்குக்கா இதெல்லாம்?”

“அண்ணாச்சிட்ட கேட்டியா?”

“கேக்காம இருப்பனா? சரின்னு சொல்லிட்டாக.”

“ஏ பேச்சி, அவர் எதுக்குத்தான் சரின்னு சொல்லல? உன்னக் கடல்ல தள்ளட்டான்னு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவார்.”

“நான் என்ன செய்யட்டும்?” என்று திருப்பிக் கத்தினாள். படகில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். “தூக்கணும், குளிப்பாட்டணும், துடைக்கணும். எனக்கும் இடுப்பு ஒடியுதுக்கா. ஊர்லன்னா நாலு பேரு இருக்காக. நான் என்ன எனக்காகவா போறேன்?”

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் குரலைத் தாழ்த்தி, “நீ போகக் கூடாதுன்னு நான் சொல்லல. அவரும் தெரிஞ்சு போகட்டும். அந்த ஒரு அட்டைய மட்டும் வச்சுத் தாரேன்” என்றேன்.

“அந்த வார்த்தைய வீட்டுக்குள்ள கொண்டாந்து, அவுகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?”

அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன். படகு துறையை நெருங்கும்போது அவளே சொன்னாள். “என்னமும் செய்ங்க. ஆனா மொதப் பக்கத்துல வேண்டாம். கடேசிலயும் வேண்டாம். செவப்பு மையில வேண்டவே வேண்டாம்.”

“ஏட்டி, இப்பவே மூணு தடவ சொல்லிட்ட. படகு கவுந்துச்சா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஒரே ஓர் அட்டை. கல்யாணத்துக்குக் கட்டுக்கட்டாக அடித்த நான் இந்த ஒன்றுக்குப் பிஸ்மி சொல்லித்தான் சட்டத்தை இறக்கினேன். கரும்பச்சை மை. தடுக்கிற உள்ளங்கை, கீழே ‘வேண்டாம்’. முதலிலும் இல்லாமல் கடைசியிலும் இல்லாமல் சரி நடுவில் வைத்தேன். தைத்த புத்தகம் தானாக விரிகிற இடம் அதுதான். ஆனால் மழை விடவில்லை, மை காய மறுத்தது. விசிறியைப் போட்டுக் காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தைத்து முடிக்க முடிந்தது. முடிச்சை இறுக்கியதும் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் கார் நின்றது. உள்ளே மூட்டைகள் கட்டிக் கிடந்தன. தம்பி தங்கராசு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அண்ணனுக்காகத் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் புத்தகத்தைப் பலகையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெளம்புவமாண்ணே? ஊருக்குப் போயிருவோம், என்ன?” என்றார் தங்கராசு.

“சரி, சரி” என்றார் அண்ணாச்சி. கண்ணில் நீர் நின்றது.

“பாத்தியளா மயினி, சந்தோசத்துல கண்ணு கலங்குது” என்றார் தன் அண்ணி பேச்சியிடம்.

நான் குறுக்கே போய்ப் புத்தகத்தை நடுவில் திறந்து கையை எடுத்தேன். விரிந்து கிடந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். உள்ளங்கைப் படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். பிறகு அவர் இடது கை அந்த அட்டையில் விழுந்த வேகத்தில் பலகையே அதிர்ந்தது. அடித்தார். மறுபடி மறுபடி அடித்தார். வாய் மட்டும் “சரி, சரி, சரி” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தங்கராசுவுக்குக் குழப்பம். “சரின்னுதான சொல்லுதாரு? கை சும்மா தட்டுது” என்றார். அவர் முகம் வாடிப்போனது எனக்கே பாவமாக இருந்தது.

பேச்சி முன்னால் வந்தாள். “ஏங்க, சாயாவுல உப்ப அள்ளிப் போட்டுத் தரட்டுமா?”

“சரி, சரி” என்றது வாய். கை ‘வேண்டாம்’ மேல் அடித்தது.

“சீனி போட்டு?”

“சரி” என்றார். கை அமைதியாக விலகி, பக்கங்களைப் புரட்டிப் போய்ச் சாயாப் படத்தில் நின்றது.

தங்கராசு “அண்ணே, ஊருக்கு?” என்று சின்னக் குரலில் கேட்டார். கை திரும்ப வந்தது. நடு அட்டையைத் தேடிப் பிடித்து, அதன் மேல் விரித்து வைத்துக்கொண்டது. இந்த முறை அடிக்கவில்லை. வைத்த கையை எடுக்கவும் இல்லை.

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். “அப்ப நானே மாசத்துல ரெண்டு நடை வந்து பத்து நாளு இருக்கேன் மயினி. ஒங்களுக்கும் ஒரு கை வேணும்லா” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் ஒரு மூட்டையின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

பேச்சி கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

“கடைய வாடகைக்கு விட்டனே, அது?”

கை அட்டையைத் தட்டியது.

“கட்டில உள்ளறைக்கு மாத்துனது? தெருச் சத்தம் கேக்காம இருக்கட்டும்னுதானே மாத்துனேன்?”

தட்டியது.

“மூணு வேளையும் கஞ்சி குடுக்கனே?”

தட்டியது.

“மீசைய வழிச்சி விட்டது? வாரா வாரம் கேட்டுட்டுத்தானே வழிச்சேன்? சரி சரின்னுதானே சொன்னீக?”

அண்ணாச்சி இதற்குத் தட்டவில்லை. இடது கையைத் தூக்கி, மீசை இருந்த இடத்தை ஒரு தடவை நீவினார். பிறகுதான் கை அட்டைக்கு வந்தது.

பேச்சி கட்டில் காலில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். “நான் கேட்டுக் கேட்டுத்தானே எல்லாம் செஞ்சேன். எல்லாத்தயும் நானே புடுங்கிட்டேனே, பாவி நான்” என்று சத்தம் போட்டு அழுதாள். நான் போய்த் தூக்கினேன், எழுந்திருக்கவில்லை. தங்கராசு “மயினி, மயினி” என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.

அண்ணாச்சி குனிந்து அவளைப் பார்த்தார். புத்தகத்தைப் பலகையிலிருந்து இடது கையால் இழுத்து, கட்டிலின் ஓரம் வரை தள்ளிக்கொண்டுவந்து, அவள் முகத்துக்கு நேரே வைத்தார். நடு அட்டை விரிந்து கிடந்தது. அதில் தட்டினார். அவள் அழ அழத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“என்னது?” என்றாள் பேச்சி, தலையை நிமிர்த்தி.

அவர் அவள் கன்னத்து ஈரத்தைப் புறங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, மறுபடியும் அதே அட்டையில் கையை வைத்தார்.